அல்லியின் ஆட்சியும் அருச்சுனன் காதலும்

புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் அல்லி அரசாணி மாலையின் உயிர்நிலை காதலன்று, ஆட்சியே. பாண்டி நாட்டைக் கைக்கொண்டிருந்த நீன்முகனை வென்று அல்லி அரியணை ஏறுகின்றாள். அருச்சுனனோ பாம்புருக் கொண்டு அரண்மனை புகுந்து, துயிலும் அரசிக்குத் தாலி கட்டுகின்றான். களத்தில் வெல்லற்கரியாளை வஞ்சத்தாலன்றி அடைய வழியில்லை என்பதைக் கதையே ஒப்புகின்றது. இசைவின்றி எய்திய மணத்தைக் காதலின் வெற்றியெனல் பொருந்தாது.

மன்னார் மாவட்டத்து அரிப்புக் கடற்கரையில், ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1801–1804இல் கட்டுவித்த மாளிகை சிதைந்து நிற்கின்றது. மக்கள் அதனை அல்லிராணி கோட்டை என்பர். வரலாறு அதற்கு இடந்தராது. ஆயினும் அப்பெயரில் வாழ்பவள் அருச்சுனன் மனைவியல்லள், அரசியே. நூலின் உயிர்நிலையை மக்கள் வழக்குப் பிழையாது உணர்ந்துள்ளது.