பெத்தாளா, எடுத்தாங்களா: பிரசவத்தின் எழுவாய் குறித்துச் சில குறிப்புகள்

பள்ளிக்கரணைப் பக்கம் குழந்தை பிறந்த செய்தியை இரண்டு விதமாகச் சொல்வார்கள். வலி கண்டு பெற்றவளைப் பற்றி, 'ரெண்டு மணி நேரத்துல பெத்துட்டா' என்பார்கள். அறுவை என்றால், 'ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க.' முதல் வாக்கியத்தில் அவள் எழுவாய். இரண்டாவதில் அவள் இல்லவே இல்லை. பலர்பால் வினைமுற்று ஒன்று மட்டும் நிற்கிறது. யார் இந்த 'ஆங்க'? டாக்டர் மட்டும்தானா? கையெழுத்துப் போட்ட புருஷன், பணத்தைப் புரட்டிய அப்பா, நல்ல நேரம் குறித்துத் தந்த ஜோசியர் எல்லாருமே அந்த விகுதிக்குள் இருக்கிறார்கள். பெண்ணின் தேர்வு பற்றிய நமது சொல்லாடல்கள் இந்த விகுதியைக் கண்டுகொள்வதில்லை.

முதலில் கணக்கு. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. அறுவைப் பிரசவம் 44.9 சதவீதம்; 2015-16 இல் இது 34.1. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் எடுத்துக்கொண்டால் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. பத்திலிருந்து பதினைந்து சதவீதத்துக்கு மேல் போவதற்கு நியாயமில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 1985 இல் சொன்னது. சிக்கலான கேஸ்களை அனுப்பிவைக்கும் இடம் அரசு மருத்துவமனை. கத்தி அதிகம் படுவதோ தனியாரில். இடுப்பெலும்பு என்ன, வாசலுக்கு வாசல் மாறிக்கொண்டா இருக்கிறது?

இதற்குத் தயாராக ஒரு பதில் இருக்கிறது: 'அவங்களேதான் சார் கேட்கிறாங்க.' இந்தப் பதிலைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. கேட்கிறார்கள்தான். எந்த நிலைமையில் கேட்கிறார்கள் என்பதே கேள்வி.

மானிடவியலாளர் சிசிலியா வான் ஹாலன் 1995 இல் சென்னை நொச்சிக்குப்பத்திலும், நமது சதுப்பு நிலத்துக்குக் கிழக்கே கடலோரமாகத் தெற்கே போனால் வரும் கானாத்தூர் ரெட்டிக்குப்பத்திலும் பெண்களோடு பேசி எழுதிய நூல் 2003 இல் வெளிவந்தது. அதில் இரண்டு செய்திகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். வலியைக் கூட்டும் ஊசியைப் பெண்கள் தாங்களே விரும்பிக் கேட்டார்கள் என்பது ஒன்று. அரசுப் பிரசவ வார்டுகளில், பிள்ளை பெற்ற கையோடு, பல பெண்களுக்குக் கேட்காமலே கருத்தடைச் சாதனம் பொருத்தப்பட்டது என்பது மற்றது. ஒரே வார்டில், ஒரே உடலில், கேட்டதும் நடக்கிறது, கேட்காததும் நடக்கிறது. கூட்டமும் ஏச்சும் நிறைந்த வார்டிலிருந்து சீக்கிரம் வெளியே வந்தால் போதும் என்றிருப்பவள் ஊசி கேட்பது அவளுடைய தேர்வுதான். ஆனால் அந்த வார்டை அவள் தேர்ந்தெடுக்கவில்லை.

பெரியாரை இங்கே நினைத்துக்கொள்ளலாம். கர்ப்பத்தடைக்கு மற்றவர்கள் உடல்நலத்தையும் நாட்டின் வறுமையையும் காரணமாகச் சொன்ன காலத்தில், பெண்ணின் விடுதலையைக் காரணமாகச் சொன்னவர் அவர். அரசு கர்ப்பத்தடையை எடுத்துக்கொண்டது, காரணத்தை விட்டுவிட்டது. சாதனம் வந்து சேர்ந்தது. அதை வேண்டுமென்றோ வேண்டாமென்றோ சொல்ல வேண்டியவள் எழுவாயாக வந்து சேரவில்லை.

பள்ளிக்கரணையில் ஒருத்தி எதைத் தேர்ந்தெடுக்கிறாள்? மாநகராட்சி சுகாதார நிலையத்தில் பதிந்து பிக்மி எண் வாங்க வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 14,000 ரூபாய் ரொக்கமும் 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகமும் என்று 2018 இல் நிர்ணயித்தார்கள். அது தவணை தவணையாக வருவது; முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும்; அப்போதைய விதியில் ஒரு தவணை அரசு மருத்துவமனையில் பெற்றால்தான். வேளச்சேரி - தாம்பரம் சாலையில் போர்டு வைத்திருக்கும் தனியார் பக்கம் போனால் கடன் வரும். தலைப்பிரசவம் என்றால் தாய்வீடு. இங்கே மாதாமாதம் பார்த்த டாக்டர் ஒருவர், திருநெல்வேலியிலோ திண்டிவனத்திலோ பிரசவம் பார்ப்பவர் வேறொருவர். மூத்த குழந்தையை யார் பார்ப்பது, ராத்திரி கூட யார் இருப்பது, 'அங்க திட்டுவாங்கக்கா' என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னது, இத்தனையையும் கூட்டிக் கழித்துத்தான் அவள் ஒரு முடிவுக்கு வருகிறாள். மிகக் கூர்மையான கணக்கு அது. சந்தை இதற்கு 'வாடிக்கையாளர் விருப்பம்' என்று பெயர் சூட்டுகிறது, அரசு 'பயனாளி' என்கிறது. அந்தக் கணக்கைப் போடும் தன்னிலையை இரண்டு பெயர்களுமே அழித்துவிடுகின்றன.

நமது தோழர்கள் சிலரும் இதைத்தான் வேறுவிதமாகச் செய்கிறார்கள். நவீன மருத்துவத்தின் அதிகாரத்தைக் கட்டுடைக்கிறோம் என்று வீட்டுப் பிரசவத்தை எதிர்ப்பு அரசியலாக்குகிறார்கள். 2018 இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஒரு பெண் ரத்தப்போக்கில் இறந்துபோனார். ஒரு லட்சம் பிரசவத்துக்கு நாட்டில் 97 தாய்மார்கள் இறந்த 2018-20 இல் தமிழ்நாட்டில் இறந்தவர்கள் 54 பேர். இந்த வித்தியாசத்தில் கிராம சுகாதாரச் செவிலியர்களின் நடையும் ரத்த வங்கிகளும் இருக்கின்றன. இதைத் தூக்கி எறிந்துவிட்டு மருத்துவச்சியைக் கொண்டாடுவது நமக்குக் கட்டுரை, பெறப்போகிறவளுக்கு உயிர். கிராமத்து மருத்துவச்சியின் பெரும்பாடான வேலையை நாவிதர் சாதிப் பெண்கள்மீது சுமத்திவிட்டு, அதைத் தீட்டென்று தள்ளிவைத்ததும் இதே மரபுதான். அதைச் சொல்லாமல் மரபு பேசக் கூடாது.

வீடா மருத்துவமனையா, நார்மலா சிசேரியனா என்ற இருமைகளில் தேர்வு இல்லை. வேண்டாம் என்று சொன்னால் எதையும் இழக்காமலிருக்கும் இடத்தில்தான் தேர்வு தொடங்குகிறது. பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004 இலேயே கொண்டுவந்தார்கள். அது ராத்திரி இரண்டு மணிக்கும் நடக்கிறதா என்று நாம் போய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தனியார் மருத்துவமனையும் தனது அறுவை விகிதத்தைக் கட்டணப் பலகைக்குப் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தை வலி வருவதற்கு முன்னால், எட்டாம் மாதத்திலேயே, தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். அதுவும் புருஷனிடம் அல்ல, அவளிடம்.