வெட்சியும் தும்பையும்: இரு கணினி விளையாட்டுகளின் போர்முறை

விண்வெளிப் போர் விளையாட்டான எக்ஸ்-விங் (1993), மறைந்தியங்கும் விளையாட்டான தீஃப் (1998) ஆகியவற்றை வேகம், நிதானம் என வேறுபடுத்துவது மட்டும் போதாது. தொல்காப்பியப் புறத்திணையியல் இதனினும் கூரிய அளவுகோலைத் தருகின்றது.

லேசருக்கும் கேடயத்துக்கும் ஆற்றலைக் கூட்டினால் கலத்தின் வேகம் குறையும். அவ்விழப்பை ஏற்று எதிர்நின்று மோதும் எக்ஸ்-விங், வலிமையையே பொருளாகக் கொண்ட தும்பைக்கு நெருங்கியது. (துணைக்கலங்களைக் காக்கும் பணிகள் இதற்கு விலக்கு.) தீஃப் வெட்சியின்பாற்படும். இருளும் ஒற்றுமே அதன் கருவிகள். ஓடு பாவிய தரையில் காலடி ஒலிக்குமா என்பதே அங்குப் படைக்கலத்தினும் பெரிது.

ஆயினும் ஒப்புமை ஓரிடத்தில் முறிகின்றது. வெட்சித்துறைகளுள் ஊர்கொலையும் ஒன்று. தீஃபின் மிகக் கடினமான நிலையிலோ மனிதரைக் கொன்றாலே பணி தோற்றுவிடும். களவு, கொலையினின்று அங்கு விதியாலேயே பிரிக்கப்படுகின்றது. எக்ஸ்-விங்கில் வீழ்ந்த வீரர் வெறும் எண்ணிக்கையாகவே எஞ்சுகின்றனர்.