தாழியும் ‘போலும்’ என்ற சொல்லும்

பொருநையாற்றின் தென்கரையில், திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவில், ஆதிச்சநல்லூர் என்னும் சிற்றூர் உள்ளது. அதனை ஒட்டிய 114 ஏக்கர் மேட்டுநிலம் முழுவதும் ஒரு பழைய மையவாடியேயாகும். என்னிடம் பயிலும் மாணவர் சிலரை ஒருமுறை அங்கு அழைத்துச் சென்றிருந்தேன். குழியின் மேல் பதித்த கண்ணாடித் தளத்தில் நின்று தாழிகளைக் குனிந்து பார்த்த ஒரு சிறுவன் கேட்டான்: “ஹஜ்ரத், சாகாமல் கிடந்த கிழவர்களை உயிரோடு இதற்குள் வைத்துப் புதைத்துவிட்டார்களாமே, மெய்தானா?”

முதுமக்கள் தாழி என்ற பெயரோடு ஒட்டிக்கொண்டு நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் கதை அது. மெய்யன்று என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் எதை ஆதாரமாகக் கொண்டு சொல்வது? அந்த வினாவின் பொருட்டே அலெக்சாண்டர் ரீ அவர்கள் தொகுத்து 1915-ல் சென்னையில் அச்சான தொல்பொருட் பட்டியலை மீண்டும் எடுத்து வாசித்தேன். பட்டியல்தானே என்று எவரும் இலக்கிய விமரிசனத்துக்கு எடுத்துக்கொள்ளாத நூல் அது. அதன் நடையில் நாம் கற்கவேண்டிய ஒரு பண்பு இருப்பதனால் ஈண்டு எழுதத் துணிந்தேன்.

1876-ல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் என்பார் இவ்விடத்தை முதலில் தோண்டினார். கிடைத்த பொருள்களைத் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றார். 1899 முதல் 1905 வரை ரீ அகழ்ந்தார். தாழிகள், எலும்புகள், இரும்புக் கருவிகள், வெண்கலக் கலங்கள், நெற்றியில் அணியும் பொற்பட்டங்கள், கலங்களில் ஒட்டிய நெல் உமி, இரும்பில் ஒட்டிய துணியின் தடம் எனப் பலவற்றைக் கண்டு எழுதிவைத்தார். பின்னர் 2004-05-ல் மத்தியத் தொல்லியல் துறையினர் சத்தியமூர்த்தி அவர்கள் தலைமையில் அகழ்ந்தபோது, ஒரு சிறு பரப்பிலேயே 160-க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அங்குக் கிடைத்த கரித்துண்டுகளின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என 2019-ல் அறிவிக்கப்பட்டது.

இனி நான் கூற வந்த பண்புக்கு வருவோம். இரும்புக் கருவிகள் முனை கீழ்நோக்கியவாறே கிடந்தன என்று ரீ எழுதுகின்றார். சுற்றி நின்று துக்கங் கொண்டாடியோர் அவற்றை மண்ணில் குத்திவைத்தது போலும் என்றும் சேர்த்துக்கொள்கின்றார். கண்டதை உறுதியாகச் சொல்கின்றார்; கருதியதைப் ‘போலும்’ என்று பிரித்து வைக்கின்றார். அரபி இலக்கணத்தில் ‘இன்ன’ என்ற சொல் உறுதிப்பாட்டுக்கு உரியது. ‘கஅன்ன’ என்பது உவமைக்கும் ஊகத்துக்கும் உரியது. ஓரெழுத்தின் வேற்றுமைதான். ஆயினும் அதை மாற்றி ஓதும் மாணவனை எந்த உஸ்தாதும் திருத்தாமல் விடமாட்டார்.

பின்வந்தோர் பலர் இந்தக் ‘கஅன்ன’வை ‘இன்ன’வாக்கி விட்டனர் என்பதே என் குறை. ஒரு சிறு வெண்கலப் பெண்ணுருவம் கிடைத்தது; அது தாய்த்தெய்வம் என்று எழுதினர். வெண்கலச் சேவலும் இரும்பு வேலும் பொற்பட்டமும் கிடைத்தன; ஆகவே முருக வழிபாடு என்றனர். அப்படி இருந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அதே மண்ணில் எருமையும் புலியும் யானையும் வெண்கலத்தில் கிடைத்துள்ளனவே? அவை கலங்களுக்கு அணியாம். சேவல் மட்டும் சமயச் சின்னமாம்! தமக்கு வேண்டிய சாட்சியை மட்டும் கூண்டிலேற்றி மற்றவரை வெளியே நிறுத்தும் நீதிமன்றத்தின் தீர்ப்பை நாம் ஏற்போமா? 2004-ஆம் ஆண்டு அகழ்வில் கிடைத்த ஓட்டில் ஒரு பெண்ணும் நெற்கதிரும் கொக்கும் மானும் முதலையும் ஒட்டுருவங்களாக உள்ளன. இதற்கும் ஒருவர் புராணம் சொல்லலாம். ஆற்றங்கரையில் வாழ்ந்தவன் ஆற்றங்கரையை வனைந்தான் என்றும் சொல்லலாம்.

பிறரைச் சொல்லும்போது நம்மவரையும் சொல்லவேண்டும். இவற்றையெல்லாம் ஜாஹிலிய்யத் என்ற ஒரே சொல்லால் மூடிவிட்டு எழுந்து போய்விடுவோர் நம்மிடையே உண்டு. ஆனால் அரபி மூதறிஞர்கள் அப்படிச் செய்யவில்லை. ஜாஹிலிய்யக் காலத்தார் இறந்தவனின் கபுறருகே அவனுடைய பெண் ஒட்டகத்தைக் கட்டித் தீனியும் நீருமின்றி விட்டுவிடுவர்; மறுமையில் அவன் நடந்து வராமல் அதன்மீது ஏறிவர வேண்டும் என்பது அவர்களின் எண்ணம். அந்த ஒட்டகத்துக்குப் ‘பலிய்யா’ என்று பெயர். தாம் ஏற்காத அவ்வழக்கத்தையும் அதன் காரணத்தையும் நம் அகராதி ஆசிரியர்கள் சிதைக்காமல் எழுதிவைத்தனர். இன்றைய ஷார்ஜாவைச் சேர்ந்த மலீஹாவில், கி.பி. முதல் நூற்றாண்டுகளைச் சார்ந்த கல்லறைகளையடுத்து ஒட்டகங்கள் புதைக்கப்பட்டிருந்தமை அகழ்வில் தெரியவந்தபோது, அவர்களுடைய குறிப்பே ஆய்வாளர்க்கு விளக்காக நின்றது.

அங்கே ஏடு எண்ணத்தைச் சொன்னது. மண் செயலைச் சொன்னது. ஆதிச்சநல்லூரில் செயல் மட்டுமே உண்டு. எண்ணத்தைச் சொல்ல அக்காலத்து ஏடு இல்லை. பல நூற்றாண்டு பிற்பட்ட தமிழ்நூல்களே நமக்குத் துணை. மணிமேகலை, சுடுதலும் குழியில் இடுதலும் தாழியிற் கவித்தலும் ஒரே காலத்தில் வழங்கியதாகக் காட்டுகின்றது. புறநானூற்றின் 228-ஆம் பாட்டும் 256-ஆம் பாட்டும் தாழி வனையும் குயவனை விளித்துப் பாடப்பட்டவை. பின்னதில், கணவனை இழந்த பெண், தானும் உடன் அடங்குமாறு தாழியை அகலமாக வனையும்படி இரக்கின்றாள். மறுமை பற்றிய கொள்கை எதனையும் அவள் அங்கு எடுத்துரைக்கவில்லை. அவளிடம் இருந்தது பிரிவுத் துயரம் ஒன்றே. தாழியைக் கண்டவுடன் நம்பிக்கை எது, தெய்வம் எது என்று தேடும் நாம், முதலில் தேடவேண்டியது அழுத கண்களை அல்லவா?

ஹதீஸ் கலையில் செய்தியின் மத்னைப் பார்க்குமுன் அதன் இஸ்னாதைப் பார்ப்பர். தொல்பொருளுக்கு இஸ்னாத் என்பது அது கிடந்த இடமும் ஆழமும் அண்டைப் பொருள்களுமாகும். எந்தத் தாழியில், எந்த எலும்பருகில் என்ற விவரம் இல்லாமல் கண்ணாடிப் பேழையில் வீற்றிருக்கும் பொருள், அறிவிப்பாளர் தொடர் அறுந்த செய்தியை ஒக்கும், அழகாயிருக்கும், சான்றாகாது. உழவிலும் மண் அள்ளுவதிலும் தாழிகள் உடைபடுவது தமிழகத்தில் புதிய செய்தியன்று. உடைபடுவது ஓடு என்று நினைக்கின்றோம். அறுபடுவது சாட்சியத் தொடர் என்பதை உணர்வதில்லை. சிவகளையில் தாழியொன்றிலிருந்து எடுத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என 2021-ல் கூறமுடிந்தது, அது இருந்த இடத்தைக் குறித்துக்கொண்டு எடுத்ததனாலன்றோ?

அந்தச் சிறுவனுக்கு நான் பின்னர் சொன்ன விடை இதுதான்: “தம்பி, சில தாழிகளில் உடல் முழுதாக உட்கார்ந்த நிலையில் இருந்தது. வேறு சிலவற்றில், சதை அழிந்தபின் பொறுக்கி எடுத்த எலும்புகள் மட்டுமே இருந்தன. எலும்பாகப் பொறுக்கி வைக்கப்பட்டவரை உயிரோடு வைத்திருக்க இயலாது. முழுதாக வைத்தவர்க்கும் நெல்லும் கலமும் இரும்பும் வைத்திருக்கின்றார்கள். சிலர்க்குப் பொன்னும் வைத்திருக்கின்றார்கள். வேண்டாமென்று தள்ளிய கிழவர்க்கு எவரும் பொற்பட்டம் கட்டமாட்டார். ஆதலால் அக்கதைக்கு இங்கே சான்று இல்லை.”

“அப்படியானால் அவர்கள் எதை நம்பினார்கள், ஹஜ்ரத்?”

“இறந்தவரை அவர்கள் மதித்தார்கள். அதற்கு மேல் சொல்வதாயின், ‘போலும்’ என்று சேர்த்துச் சொல்.”

மைய்யித்தின்மீது பழி கூறலாகாது என்று நாம் பயின்றிருக்கின்றோம். மூவாயிரம் ஆண்டு பழைய மைய்யித்துக்கும் அது பொருந்தும். பெற்றோரை உயிரோடு புதைத்தவர்கள் என்று அவர்கள்மீது நாம் சுமத்தியிருப்பது சிறு பழியன்று. மறுப்பு எழுதியனுப்ப அவர்களால் ஆகாது. அவர்களுக்காக அதை எழுதவேண்டியவர்கள், குழியையும் குறிப்பேட்டையும் ஒருங்கே வைத்துப் படிக்கத் தெரிந்தவர்களே. அத்தகையோர் நம் மதரஸாக்களிலிருந்தும் வரவேண்டும் என்பது என் அவா.