ஏழாயிரம் பேரைக் கொன்றவன்

ஒரு சிப்பாய் மேடைக்கு வருகிறான். சூரியனும் கூசும்படி கேடயத்தைத் துலக்கி வைக்க வேண்டும் என்று ஆட்களுக்கு உத்தரவு போடுகிறான். அவனை ஒட்டிக்கொண்டு வயிறு வளர்க்கும் ஒருவன் கூடவே வந்து எஜமானனின் பராக்கிரமங்களை நினைவூட்டுகிறான். சிலிஷியாவில் 150 பேர், வாயில் நுழையாத பெயர் கொண்ட இன்னொரு தேசத்தில் 100 பேர், ஸார்டிஸ் நகரத்தார் 30 பேர், மாஸிடோனியர் 60 பேர். அத்தனை பேரும் ஒரே நாளில் செத்தவர்கள். மொத்தம் எத்தனை என்று கேட்கிறான் சிப்பாய். ஏழாயிரம் என்று பதில் வருகிறது. நம் கூட்டலுக்கு 340தான் வரும். ஆனால் கணக்குச் சரி என்று அவன் திருப்தியோடு ஒப்புக்கொள்கிறான். இந்தியாவில் ஒரு யானையின் முன்னங்காலைக் குத்தி முறித்ததும் அந்த ஜாபிதாவில் உண்டு.

ரோமாபுரி நாடகாசிரியன் ப்ளாட்டஸ் சவடால் சிப்பாயைப் பற்றி எழுதிய நாடகம் இப்படித்தான் ஆரம்பமாகிறது. ஏறக்குறைய கி.மு. 205இல் மேடையேறியது என்பது அறிஞர்கள் கணிப்பு. இந்தச் சிப்பாயின் பெயருக்கே கோட்டை கொத்தளங்களை வென்றவன் என்று பொருள். நாடகம் முழுவதிலும் அவன் ஒருவரையும் எதிர்த்து வாள் வீசுவதில்லை. கெட்டிக்கார அடிமை ஒருவன் விரித்த வலையில் விழுந்து, அடுத்த வீட்டில் அடிபட்டு, சமையற்காரனின் கத்தியைக் கண்டு நடுங்கி, பணம் கொடுத்துத் தப்பிக்கிறான்.

பலர் இந்த மாதிரிப் பாத்திரத்தை அச்சில் வார்த்த பொம்மை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஒரே ஆசாமி இரண்டாயிரம் வருஷங்களாகப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு மேடைக்கு மேடை வருவது ஆசிரியர்களின் சோம்பேறித்தனம் என்று எனக்குத் தோன்றியது. இன்று எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாத்திரம் ஒன்றாகவே இருக்கலாம்; ஆனால் அவனைப் பார்த்துச் சிரிப்பவர்கள் வேறு வேறு ஆட்கள். யார் சிரிக்கிறார்கள், எந்தத் தைரியத்தில் சிரிக்கிறார்கள் என்பதைத்தான் விமரிசகன் கவனிக்க வேண்டும்.

ப்ளாட்டஸின் சபையைப் பாருங்கள். ஹானிபாலின் படை அப்போது இத்தாலிய மண்ணைவிட்டு இன்னும் போகவில்லை. யுத்தம் தொடாத குடும்பம் ரோமில் அபூர்வமாகத்தான் இருந்திருக்கும். அந்தச் சபைக்கு முன் ரோமானியச் சிப்பாயை நிறுத்திக் கேலி செய்ய முடியுமா? ப்ளாட்டஸ் அதைச் செய்யவில்லை. கிரேக்க நாடகம் ஒன்றைத் தழுவினான். எபேஸஸ் நகரத்தில் கதையை வைத்தான். அலெக்ஸாந்தருக்குப் பின் வந்த ராஜாக்களிடம் கூலிக்குச் சண்டை போட்ட அந்நியன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினான். யார் மனமும் புண்படவில்லை. பின்னால் இத்தாலியத் தெரு நாடகக்காரர்களும் இதே வழியில் போனார்கள். அவர்களுடைய காப்டன் அநேகமாக ஸ்பானியன். நேப்பிள்ஸும் மிலானும் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த காலம் அது. தன்னை ஆள்பவனைப் பார்த்துச் சிரிப்பது ப்ளாட்டஸின் சிரிப்பைவிட ஒரு படி உயர்ந்ததுதான். ஆனாலும் அதுவும் அந்நியனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பே.

சொந்த ஊர்க்காரனை, அதுவும் உயிரோடு இருப்பவனை, பெயர் சொல்லி மேடையேற்றியவன் அரிஸ்டோபனீஸ். கி.மு. 425இல், ஸ்பார்ட்டாவோடு யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே, ஏதென்ஸில் அவனுடைய 'அகார்னியர்' அரங்கேறியது. ஒரு குடியானவன் தனக்கு மட்டும் தனியாகச் சமாதானம் செய்துகொள்கிறான். இறகு வைத்த தலைக்கவசமும் பயங்கர முகம் பொறித்த கேடயமுமாக லாமகஸ் என்ற தளபதி அவனை மிரட்டுகிறான். கடைசியில் குடியானவன் விருந்துக்குப் போகிறான். லாமகஸ் பனியில் எல்லைக் காவலுக்குப் போகிறான். போனவன் குழி தாண்டும்போது அடிபட்டு முனகிக்கொண்டு வருகிறான். இவனோ குடித்துவிட்டு இரண்டு பெண்கள் தாங்க வந்து நிற்கிறான்.

உண்மையான லாமகஸ் ஏழை, நேர்மையானவன். சேனாபதியாகப் போன சமயங்களில் தன் துணிக்கும் செருப்புக்கும் ஆன சில்லறைச் செலவைக் கணக்கில் எழுதினானாம், ப்ளூட்டார்க் சொல்லுகிறான். கி.மு. 414இல் சிசிலியில், சில பேரோடு தனியே அகப்பட்டுக்கொண்டபோது, எதிரி ஒருவனின் அறைகூவலை ஏற்று, வெட்டு வாங்கி, திருப்பி வெட்டி, இருவருமாகச் செத்தார்கள். ஒன்பது வருஷங்களுக்குப் பின் வந்த 'தவளைகள்' நாடகத்தில் அதே அரிஸ்டோபனீஸ் அவனை வீரன் என்றே குறிப்பிடுகிறான். சிரித்த கடனை இப்படித் தீர்த்த ஹாஸ்ய ஆசிரியன் வேறு ஒருவனை நான் அறியேன்.

ஷேக்ஸ்பியரின் பால்ஸ்டாப் விஷயம் இன்னும் சிக்கலானது. 'நாலாம் ஹென்றி' முதல் பாகத்தில், இருட்டில் மாறுவேஷக்காரர் இருவரைக் கண்டு ஓடி வந்தவன், கதை சொல்லச் சொல்ல இருவரை நாலாக்கி, ஏழாக்கி, ஒன்பதாக்கி, பதினொன்றில் கொண்டு நிறுத்துகிறான். ப்ளாட்டஸின் கணக்கேதான். நாம் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். பிறகு அவனுக்குப் படை திரட்டும் வேலை கிடைக்கிறது. வசதியுள்ளவர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு விட்டுவிடுகிறான். முந்நூறு பவுனுக்கு மேல் சேருகிறது. அவர்களுக்குப் பதிலாகப் பஞ்சைப் பராரிகளைப் பிடித்துக்கொண்டு போகிறான். ஷ்ரூஸ்பரி போர்க்களத்தில், தான் கொண்டுவந்த 150 பேரில் மூன்று பேர்கூட மிஞ்சவில்லை என்று போகிற போக்கில் சொல்லுகிறான். சொல்லிவிட்டு அடுத்த ஹாஸ்யத்துக்குப் போய்விடுகிறான்.

அவன் சொன்ன எண்களில் பெருக்காமல் சொன்னது இது ஒன்றுதான். பால்ஸ்டாப் கோழையே அல்ல என்று நிரூபிக்க மார்கன் என்பவர் 1777இல் ஒரு புத்தகமே எழுதினார். பிராட்லியும் அந்தக் கட்சியில் சேர்ந்து அவனுக்காகப் பரிந்து பேசினார். இரண்டு பேரும் பால்ஸ்டாப்பிடம் மயங்கிப் போனவர்கள். நானும் மயங்கியவன்தான். ஆனால் அவன் கோழையா வீரனா என்பதல்ல என் கேள்வி. அந்த 150 பேரைப் பற்றிய வாக்கியத்தைத் தாண்டி நாம் எப்படிச் சிரித்துக்கொண்டே போகிறோம்? செத்தவர்களுக்குப் பெயர் கிடையாது; பணம் கொடுக்க வழியில்லாதவர்கள். அவர்களைச் சாகவிட்டவனோ இனிக்க இனிக்கப் பேசுகிறான்.

ஷேக்ஸ்பியர் நம்மைக் கண்டிக்கவில்லை. நீதி சொல்ல ஒரு பாத்திரத்தை அனுப்பவும் இல்லை. எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறான். இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் எனக்கு அது உறைத்தது. ப்ளாட்டஸின் ஏழாயிரம் பிணங்களைக் கண்டு நாம் சிரிக்கலாம். அதில் ஒருவன்கூடச் சாகவில்லை. இந்த 150 பேர் விஷயத்தில் அந்த வசதி கிடையாது. அதனால்தான் ப்ளாட்டஸை நல்ல ஹாஸ்ய ஆசிரியன் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். மற்ற இருவரையும் அவனுக்கு மேலே வைக்கிறேன்.