மணி ஐயரின் கையெழுத்து

1917 ஜூன் 24. ‘மணி ஐயர்’ என்று சென்னை அழைத்த சர் எஸ். சுப்பிரமணிய ஐயர், அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனுக்குக் கடிதம் எழுதுகிறார். காரைக்காலில் உட்கார்ந்து அதைப் படிப்பதில் தனிச் சுவை உண்டு. வாஞ்சூருக்கு இந்தப் பக்கம் அன்று பிரெஞ்சு மண். பாரிஸ் நாடாளுமன்றத்துக்குப் பிரெஞ்சிந்தியா ஓட்டுப் போட்டு உறுப்பினர் அனுப்பியது. (அந்தத் தேர்தல்களின் தில்லுமுல்லு வேறு கதை.) எல்லை தாண்டி, பிரிட்டிஷ் மண்ணான நாகூரில் கால் வைத்தவருக்கு லண்டனில் பேச ஓர் உறுப்பினர் கிடையாது. அந்தக் குறையைத்தான் ஐயர் மூன்றாவது வீட்டுக்காரரிடம் கொண்டுபோகிறார்.

கொண்டுபோகும் விதம்தான் அழகு. அந்த ஆண்டு ஏப்ரல் 2 அன்று வில்சன் போர் அறிவிக்கக் கேட்டு ஆற்றிய உரை, மக்கள் விடுதலை பற்றிப் பெரிதாகப் பேசியது. ஐயர் புதிதாக எந்தத் தத்துவமும் தேடவில்லை. அதிபரின் வாக்கையே எடுத்து அதிபர் முன் வைக்கிறார். அடுத்து பேரம்: சுயாட்சிக்கு உடனே வாக்குறுதி கொடுங்கள், மூன்று மாதத்தில் ஐம்பது லட்சம் வீரர்கள், அடுத்த மூன்று மாதத்தில் இன்னோர் ஐம்பது லட்சம். கணக்கு மிகைதான், போர்க்காலம் முழுவதும் சேர்ந்த இந்தியர்கள் ஏறத்தாழ 14 லட்சம் பேர். ஆனால் கேட்பவன் கையில் கொடுக்கவும் ஏதோ இருக்கிறது என்று காட்டிய தோரணை, யாசகனுடையது அல்ல.

எனக்கு மிகப் பிடித்தது இன்னொரு நுணுக்கம். அதிகாரிகளின் கொழுத்த சம்பளத்தையும், மறுக்கப்பட்ட கல்வியையும், அந்த மாதமே காவலில் வைக்கப்பட்ட, சுயாட்சி கேட்ட ஹோம் ரூல் தலைவி அன்னி பெசன்ட்டையும் சொல்லிச் சீறுகிறவர், மன்னரும் நாடாளுமன்றமும் இதையெல்லாம் அறியமாட்டார்கள் என்கிறார். அறிந்தால் பெசன்ட்டை உடனே விடச் சொல்வார்களாம்! ராஜாவைத் தப்பவிட்டு மணியக்காரரைப் பிடிக்கும் பழைய கிராமத்து மனுவின் சாமர்த்தியம். வில்சனைக் கடவுளின் கருவியாக்கும் கடைசிப் பகுதி மட்டும் கொஞ்சம் தித்திப்பு அதிகம்.

பிறகு கையெழுத்து. கே.சி.ஐ.இ. பட்டம், டாக்டர் பட்டம், ஹோம் ரூல் லீக்கின் கௌரவத் தலைவர், பல முறை தற்காலிகத் தலைமை நீதிபதியாக இருந்த உயர் நீதிமன்ற நீதிபதி என்று வரிசை. தற்பெருமை என்று தோன்றலாம். எனக்கோ, சாட்சி கூண்டில் ஏறும்போதே தன் தகுதியைப் பதிவுசெய்யும் வக்கீல் புத்தி தெரிகிறது.

தபாலில் போட்டால் தணிக்கையில் சிக்கும். ஹாட்ச்னர் என்ற தியாசபிகல் தம்பதி அதை அமெரிக்காவுக்கு எடுத்துப்போனார்கள். மறு ஆண்டு லண்டன் நாடாளுமன்றத்தில் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் மந்திரி மான்டேகு, வெட்கக்கேடான கடிதம் என்றார். எழுதியவரின் அந்தஸ்து அதை இன்னும் மன்னிக்க முடியாததாக்குகிறது என்றார். அந்தப் பட்ட வரிசை மான்டேகுவை நன்றாகவே உறுத்தியிருக்கிறது. பதிலுக்கு ஐயர் கே.சி.ஐ.இ.யையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்தார். ஆண்டு 1918, தாகூர் தம் சர் பட்டத்தை உதறியது அதற்கடுத்த ஆண்டு.