நிறையக் கூடாத ஏரி

உழவர்கரைக்காரர்களுக்கு ஏரியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கு மேற்கே ஊசுட்டேரி இருக்கிறது. புதுச்சேரி வட்டாரத்தில் அதுவே பெரிய ஏரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிறைந்துவிட்டது என்று கேட்டால் நமக்கு மகிழ்ச்சி. அதற்கு மேல் வரும் நீர் கலங்கல் வழியே வழிந்து போகும்.

ஆனால் நிறையவே கூடாத ஏரி ஒன்றும் நம் வீடுகளில் இருக்கிறது. சுவரில் மாட்டியிருக்கும் இண்டர்நெட் பெட்டிக்குள் அது இருக்கிறது. அது நிறைந்தால் மகிழ்ச்சி இல்லை, துன்பம்தான்.

2020-ஆம் ஆண்டு, கொரோனாவினால் கல்லூரி மூடிக் கிடந்தபோது, வீட்டிலிருந்தபடியே வெப்ப இயக்கவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பாதிப் பாடத்தில் என் குரல் அறுந்து அறுந்து போகும். "சார், நீங்க சொல்றது விட்டு விட்டு வருது" என்பார்கள் மாணவர்கள். அதே இணைப்பில் மாடியில் யாராவது கல்யாண வீடியோவை அனுப்பிக்கொண்டிருப்பார்கள். இணைப்புத் தந்த நிறுவனத்தாரைக் கேட்டேன். "கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாறுங்கள்" என்றார்கள். மாறினேன். படங்கள் விரைவாக இறங்கின. குரல் அறுபடுவது மட்டும் நிற்கவில்லை. ஒரு மணி நேர வகுப்பில் பத்து நிமிடம் இப்படி வீணாயிற்று. கைபேசியில் நாளுக்கு இவ்வளவு என்று அளந்து டேட்டா வாங்கிப் படித்த மாணவனுக்கு அந்தப் பத்து நிமிடம் சிறிய இழப்பு அல்ல.

நோய் ஒன்று, மருந்து வேறொன்று என்பது பிறகுதான் புரிந்தது. சரியான மருந்தைத் தேடியபோது லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பின் உட்கருவுக்குள், அதாவது கெர்னலுக்குள், போய்ச் சேர்ந்தேன். ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் வீட்டு இண்டர்நெட் பெட்டிகள் பலவற்றிலும் இயங்குவது இதுவே. இதன் நிரல் திறந்த புத்தகம், யாரும் படிக்கலாம். ஒரு நூலைப் படித்துக் குறை நிறை சொல்கிறோம். ஒரு நாடகத்தைப் பார்த்துச் சொல்கிறோம். கோடிக்கணக்கான மக்கள் அன்றாடம் பயன்படுத்தும் நிரலை ஏன் அப்படி விமர்சிக்கக் கூடாது? இக்கட்டுரை அத்தகைய ஒரு முயற்சி.

ஏரிக்குள் என்ன நடக்கிறது?

இண்டர்நெட்டில் செய்தி ஒரே ஓட்டமாகப் போவதில்லை. ஏறத்தாழ 1,500 பைட் கொண்ட சிறு சிறு பொதிகளாகப் போகிறது. பொதிகள் விரைவாக வந்து சேர்ந்து, வெளியே போகும் வழி குறுகலாக இருந்தால், அவை காத்திருக்க ஓர் இடம் வேண்டும். அதுவே பஃபர் என்னும் தேக்கம். தேக்கம் நிறைந்த பிறகு வரும் பொதி தொலைந்துபோகும். கலங்கலில் வழியும் நீர் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு விந்தை உண்டு. பொதி தொலைவதுதான் அனுப்புகிறவருக்கு எச்சரிக்கை. டி.சி.பி. என்னும் விதிமுறைப்படி, அனுப்பும் கணிப்பொறி தன் அளவைக் கூட்டிக்கொண்டே போகும். ஒரு பொதி தொலைந்தது என்று தெரிந்ததும் குறைத்துக்கொள்ளும். தேக்கம் மிகப் பெரியதாக இருந்தால் இழப்பு தாமதமாகும், எச்சரிக்கையும் தாமதமாகும். அதற்குள் வரிசை நீண்டுவிடும். பின்னால் வந்த என் குரல், கல்யாண வீடியோ முழுவதும் போகும்வரை வரிசையில் நிற்கும்.

இப்போது ஒரு சிறு கணக்கு. லினக்ஸில் நெடுங்காலம் ஈத்தர்நெட் வழிக்கு இருந்த தேக்க அளவு 1,000 பொதிகள். ஒரு பொதி 1,500 பைட். பைட்டுக்கு 8 பிட். ஆகவே நிறைந்த தேக்கத்தில் 1,20,00,000 பிட் இருக்கும். விநாடிக்கு 100 கோடி பிட் போகும் வழியில் இது காலியாக 12 மில்லி விநாடி போதும். விநாடிக்கு 1 கோடி பிட் என்றால் 1.2 விநாடி. விநாடிக்கு 10 இலட்சம் பிட் மட்டுமே போகும் வழியிலோ முழுதாக 12 விநாடி! ஒரே எண், ஓரிடத்தில் அமுதம், வேறிடத்தில் நஞ்சு.

இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் என் முதல் குறை இதுதான். அளக்க வேண்டியது காலம், அளந்தது எண்ணிக்கை. அலகைத் தவறாக எழுதிய மாணவனுக்கு நாம் மதிப்பெண் குறைக்கிறோம். அதே தவற்றை உலகெங்கும் உள்ள பொறியாளர்கள் பல ஆண்டுகள் செய்துவந்தார்கள். நினைவகச் சில்லுகள் மலிவாகிவிட்டபோது, "பெரிய தேக்கம் நல்ல தேக்கம்" என்று பெருக்கிக்கொண்டே போனார்கள். 2010-ஆம் ஆண்டையொட்டி ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் தம் வீட்டு இணைப்பிலேயே இந்த நோயைக் கண்டு, "தேக்க வீக்கம்" என்னும் பொருள்படப் பெயரிட்டு ஊரறியச் செய்தார்.

பழைய மருந்துகள்

நெரிசல் நோய் புதியதல்ல. 1986 அக்டோபரில், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே, சுமார் 400 கெஜத் தொலைவில், இணைப்பின் வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாகச் சரிந்தது. 800 மடங்கு வீழ்ச்சி! வான் ஜேக்கப்சன் காரணத்தைத் தேடி, டி.சி.பி. அளவோடு அனுப்பும் முறைகளை 1988-இல் வெளியிட்டார். யூனிக்ஸின் பி.எஸ்.டி. வகை உட்கருவில் சேர்ந்த அந்தத் திருத்தமே இண்டர்நெட்டை நிலைகுலையாமல் காத்தது எனலாம். அதே 1986-இல்தான் நம் நாட்டில் ஏர்நெட் என்னும் கல்வி வலையமைப்புத் திட்டம், சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட எட்டு நிறுவனங்களோடு தொடங்கியது என்பதும் நினைவுகூரத் தக்கது.

அனுப்புகிறவர் திருந்தினால் போதாது, தேக்கமும் அறிவோடு நடக்க வேண்டும் என்று 1993-இல் சாலி ஃபிளாய்டும் ஜேக்கப்சனும் எழுதினார்கள். ஏரி நிறையும்முன்பே அங்கொன்று இங்கொன்றாகப் பொதிகளைக் கைவிட்டு எச்சரிக்கும் முறை அது. கருத்து அருமையானது. ஆனால் அதில் கையால் அமைக்க வேண்டிய அளவுகள் பல. இணைப்புக்கு இணைப்பு அவை மாறும். அதுவும் வரிசையின் நீளத்தையே அளந்தது. எனவே அது பரவலாக நடைமுறைக்கு வரவில்லை.

2012-இல் காத்லீன் நிக்கல்ஸும் ஜேக்கப்சனும் தந்த கோடெல் முறை அலகைத் திருத்தியது. உள்ளே வரும் ஒவ்வொரு பொதியின் மேலும் நேரத்தைக் குறித்து வைக்கிறது. வெளியே போகும்போது எவ்வளவு காத்திருந்தது என்று பார்க்கிறது. தொடர்ந்து 100 மில்லி விநாடிக்குக் காத்திருப்பு 5 மில்லி விநாடிக்குக் குறையாமலே இருந்தால் ஒரு பொதியைக் கைவிடுகிறது. எரிக் டுமாஸே இதை லினக்ஸுக்கு எழுதியதோடு, ஒவ்வொரு பேச்சுக்கும் தனி வரிசை தரும் வகையையும் சேர்த்தார். ரயில் முன்பதிவில் நாற்பது பேருக்குச் சீட்டு வாங்க வந்தவர் பின்னால், ஒரே சீட்டு வேண்டியவர் நிற்கத் தேவையில்லை என்பது போன்ற ஏற்பாடு அது.

சூரத்கல் தந்த திருத்தம்

இன்னொரு முறைக்குப் 'பை' என்று பெயர். இது வட்டத்தின் பை அல்ல. ஆங்கிலத் தொடர் ஒன்றின் சுருக்கம். சிஸ்கோ நிறுவனத்தில் உருவாகி, 2014-இல் லினக்ஸில் சேர்ந்தது. பேருந்து ஓட்டுநர் இரண்டைக் கவனிக்கிறார்: முன்னால் போகும் வண்டி எவ்வளவு அருகில் இருக்கிறது, எவ்வளவு விரைவாக நெருங்குகிறது? பையும் அவ்வாறே இரண்டைக் கவனிக்கிறது. காத்திருப்பு நேரம் இலக்கைவிட எவ்வளவு கூடியது? சென்ற முறையைவிட ஏறுகிறதா, இறங்குகிறதா? இவ்விரண்டையும் கூட்டி, பொதியைக் கைவிடும் நிகழ்தகவை அவ்வப்போது மாற்றுகிறது.

இதன் இலக்கணம் 2017-இல் முறைப்படி வெளியாயிற்று. ஆனால் லினக்ஸில் ஓடிய நிரல் அதற்கு முந்தியது; அளவுகள் வேறாக இருந்தன. இங்கேதான் நம் நாட்டுக் கல்லூரி ஒன்று வருகிறது. கர்நாடகத்தின் சூரத்கல்லில் உள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆசிரியர் மோஹித் தஹிலியானியும் மாணவர்களும் இலக்கணத்தையும் நிரலையும் வரி வரியாக ஒப்பிட்டார்கள். 2019-இல் இலக்கு 20 மில்லி விநாடியிலிருந்து 15 ஆயிற்று. கணக்கிடும் இடைவெளி 30-லிருந்து 15 ஆயிற்று. திடீர் வரவுக்குத் தரும் சலுகை 100-லிருந்து 150 ஆயிற்று. காத்திருப்பை ஊகித்துக் கணக்கிடாமல், பொதியின் மேல் குறித்த நேரத்தைக் கொண்டே அளக்கும் வழியும் அதே ஆண்டில் சேர்ந்தது. பிறகு தனித்தனி வரிசைகளையும் பையையும் இணைத்து அவர்கள் எழுதிய பகுதி, 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.6-இல் இடம்பெற்றது.

இதை எப்படி மதிப்பிடுவது? புதிய தத்துவம் எதுவும் இதில் இல்லை. தனி வரிசை முறை முன்பே இருந்தது, பையும் இருந்தது. இரண்டையும் இணைத்ததே பணி. 2012-லேயே வந்துவிட்ட கோடெல் வகை இருக்கையில் இது எதற்கு என்று கேட்பது நியாயமே. பொதி உள்ளே வரும்போதே பை முடிவு செய்துவிடுகிறது. பொதிதோறும் செய்ய வேண்டிய வேலையும் குறைவு. கேபிள் மோடம்களுக்குப் பையைத் தேர்ந்தெடுத்ததற்கு இத்தகைய எளிமை ஒரு காரணம். ஆகவே மாற்று வழி ஒன்று இருப்பதில் பயன் உண்டு.

குறையும் உண்டு. இந்த நிரல் 15 மில்லி விநாடிக்கு ஒருமுறை எல்லா வரிசைகளுக்கும் கணக்குப் போட வேண்டும். வழக்கமாக 1,024 வரிசைகள்; அது சுமை அல்ல. ஆனால் உச்ச வரம்பான 65,536 வரிசைகளை வைத்தால், கணக்கு முடியும்வரை மற்ற வேலைகள் காத்திருக்க நேர்ந்தது. தாமதத்தைக் குறைக்க வந்த நிரலே தாமதத்துக்குக் காரணமாகும் நிலை! தானாகவே பிழை தேடும் சோதனைக் கருவி ஒன்று இதைக் காட்டிக்கொடுத்தது. 2,048 வரிசைகளுக்கு ஒருமுறை நிறுத்தி மற்ற வேலைகளுக்கு வழிவிடுமாறு 2023-இல் டுமாஸே திருத்தினார். உச்ச வரம்பில் சோதிக்காத கருவியை நம்பக் கூடாது என்று ஆய்வகத்தில் நாம் சொல்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

என் கணிப்பில், 2020-இன் புதுமையைவிட 2019-இன் ஒப்பீட்டுப் பணியே உயர்ந்தது. புதிதாக ஒன்றைச் சேர்த்தால் பெயர் வரும். எழுதிவைத்த இலக்கணமும் ஓடுகிற நிரலும் ஒன்றா என்று உட்கார்ந்து சரிபார்ப்பவருக்கு மாலை மரியாதை கிடைப்பதில்லை. ஆயினும் அறிவியல் நிற்பது அந்தச் சரிபார்ப்பின்மேல்தான். அதை மாணவர்கள் செய்தார்கள். உலகறிய எழுதி அனுப்பினார்கள். குறை சொன்னவர்களுக்குப் பதில் தந்து திருத்தினார்கள். வலையமைப்பின் ஏழு அடுக்குகளின் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்து தேர்வு எழுதும் நம் மாணவர்களுக்கும் இது எட்டாத உயரம் அல்ல.

மருந்து வீட்டுக்கு வந்ததா?

பெரிய குறை நிரலுக்கு வெளியே இருக்கிறது. தேக்கத்தை அடக்கும் முறை, குறுகலான வழி தொடங்கும் இடத்தில் இயங்கினால்தான் பயன் தரும். பெரும்பாலான வீடுகளில் அந்த இடம் சுவரில் உள்ள பெட்டி. 2014 முதல் பல லினக்ஸ் வெளியீடுகளில் கோடெல் வகை இயல்பாகவே இயங்குகிறது. மலிவான பெட்டிகளிலோ பல ஆண்டுக்கு முந்தைய உட்கருவே இருக்கலாம். புதிய உட்கரு இருந்தாலும் இம்முறைகளை யாரும் முடுக்கிவிடாமல் இருக்கலாம். விளம்பரம் "இத்தனை எம்.பி.பி.எஸ்." என்று மட்டும் சொல்கிறது. ஏரியின் மதகு எவ்வளவு அகலம் என்பது அது. என் பொதி எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை.

இனிக் கேட்கலாம். அதற்குமுன் நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். கணிப்பொறியில் 'பிங்' என்னும் கட்டளையை ஏதேனும் ஓர் இணையதளத்தின் பெயரோடு கொடுங்கள். போய்வர எத்தனை மில்லி விநாடி என்று அது சொல்லும். பத்து அளவீடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பெரிய வீடியோ ஒன்றை அனுப்பத் தொடங்கிவிட்டு, மீண்டும் பத்து அளவீடுகள் எடுங்கள். கைபேசியில் சில வேகச் சோதனைச் செயலிகளே இவ்விரண்டு தாமதங்களையும் தனித்தனியே காட்டுகின்றன. இரு சராசரிகளும் அருகருகே இருந்தால் உங்கள் ஏரி நல்ல ஏரி. இரண்டாவது பத்து மடங்கு, இருபது மடங்கு என்று ஏறினால், வீக்கம் இருக்கிறது என்று பொருள்.

அந்த இரண்டு எண்களையும் தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள். குரல் அறுபடுகிறது என்று புகார் செய்யும்போது, கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாறுங்கள் என்று யாராவது சொன்னால், முதலில் அந்த எண்களைக் காட்டி, "உங்கள் பெட்டியில் வரிசையை அடக்கும் முறை இயங்குகிறதா?" என்று கேளுங்கள். 2020-இல் நான் கேட்கத் தவறிய கேள்வி அது.