கம்பளிப் படமும் களப்புக் காற்றும்

நனைத்து இறுக்கிச் செய்த கம்பளிப் படத்தைப் பார்த்தவுடன் கை தானாகவே அதை நோக்கிப் போகும். எண்ணெய் வண்ண ஓவியத்தை யாரும் தடவிப் பார்க்க நினைப்பதில்லை. இந்தக் கலையின் பெரிய பலம் அந்த ஈர்ப்பு. அதை முதலில் கெடுப்பது மிகையான அலங்காரம், அடுத்துக் கெடுப்பது பிழையாகப் போட்ட சட்டம்.

செய்முறை எளியது. சாயமிட்ட ஆட்டுமயிரை மெல்லிய அடுக்குகளாக, ஒன்று நெடுக்கும் ஒன்று குறுக்குமாகப் பரப்பி, இளஞ்சூடான சவர்க்காரத் தண்ணீர் தெளித்து, தேய்த்து, சுருட்டி உருட்ட வேண்டும். மயிரின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இறுகும். பரப்பிய அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுருங்கிப்போவதும் உண்டு. நிறங்கள் ஓரங்களில் ஒன்றோடொன்று கசிந்து கலப்பதால் மூடுபனி, மாலை வானம், ஆழம் குறைந்த நீர்ப்பரப்பு ஆகியவற்றைக் கம்பளி தூரிகையை விட இயல்பாகக் காட்டுகிறது. ஆனால் கூரான கோடு அதற்கு வராது. பாய்மரம், கொக்கின் கால், வலைக்கம்பு எல்லாம் தேய்க்கத் தேய்க்க நகர்ந்து, பருத்து, உருக்குலைந்துவிடும்.

தையல் அங்கேதான் தேவைப்படுகிறது. ஸ்கொட்லாந்துக் கலைஞர் மோய் மக்காய் கம்பளியால் நிலக்காட்சியை உருவாக்கி, அதன்மேல் தையலால் கிளைகளையும் புல்லையும் வேலியையும் வரைகிறார். இம்முறையை விளக்கும் அவருடைய நூல் 2012இல் வெளிவந்தது. தையல் மெஷினின் பல்லைக் கீழிறக்கிவிட்டுத் துணியைக் கையால் நகர்த்தித் தைத்தால் ஊசியைப் பென்சில்போல ஓட்டலாம். கம்பளியால் முடியாததைத்தான் நூல் செய்ய வேண்டும் என்பது அந்த வகைப் படங்களிலிருந்து நான் எடுத்துக்கொண்ட அளவுகோல்.

கூரான கோடு எனும் இதே சிக்கலைக் கிர்கிஸ்தான் பெண்கள் இரண்டு விதமாகத் தீர்த்திருக்கிறார்கள். ஈரமாக இருக்கும்போதே நிறக் கம்பளியை உள்ளே அமுக்கிச் செய்யும் அலா-கியீஸ் விரிப்பில் உருவங்களின் விளிம்பு மங்கலாக நிற்கும். இறுகிய கம்பளியை வெட்டிப் பொருத்தித் தைக்கும் ஷிர்தாக்கில் விளிம்பு கத்திபோல் இருக்கும். அவசரப் பாதுகாப்பு வேண்டிய மரபுகளின் பட்டியலில் யுனெஸ்கோ இரண்டையும் 2012இல் சேர்த்தது. சைபீரியாவின் பசிரிக் புதைமேட்டில் 1949இல் கிடைத்து, இன்று ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் உள்ள மாபெரும் கம்பளித் திரையும் வெட்டித் தைத்த வகைதான். அமர்ந்திருக்கும் தேவியின் முன் குதிரைவீரன் நிற்கும் அந்தக் காட்சி இரண்டாயிரம் ஆண்டுகளைத் தாண்டியும் மிஞ்சியதற்குக் காரணம் புதைமேட்டுக்குள் உறைந்திருந்த பனிக்கட்டி. நம் ஊரில் அந்தக் கொடுப்பினை இல்லை.

காஷ்மீர நம்தாவை இவற்றோடு வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே ஆரி எனும் கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போட்டுப் பூவும் கொடியும் நிரப்புகிறார்கள். பரவலாக ஓடும் அந்தத் தையல் கம்பளியின் அடுக்குகளைச் சேர்த்துப் பிடிப்பதால் விரிப்பு உறுதிப்படுகிறது. அலங்காரமே எலும்பாகவும் ஆகிவிடுகிறது. குறை என்னவென்றால், பூ வேலை தடித்த நம்தாக்கள் பலவற்றில் கம்பளி வெறும் பின்புலமாகிவிடுகிறது. கம்பளியோடு பருத்தி கலந்து மலிவாகச் செய்த நம்தாவில் தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அடித்தளம் தளர்ந்துதான் இருக்கும்.

புத்தளத்துத் தில்லையடியில் ஓர் உறவினர் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படமொன்றைக் கழற்றிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. வெளிநாட்டில் வாழும் அவர்களுடைய மகள் செய்து அனுப்பிய, புத்தளம் களப்பின் காட்சி. நீர்ப்பரப்பு அற்புதம். சாம்பல், பச்சை, ஒரு கீற்று மஞ்சள் மூன்றும் எங்கே பிரிகின்றன என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. தோணியின் கம்பு ஒற்றைக் கறுப்பு நூல், அதுவும் சரி. ஆனால் உப்புக் குவியல்களுக்கு வெள்ளை மணிகளை நெருக்கிக் கோத்திருந்தாள். சாயமிடாத வெண்கம்பளியைக் கொஞ்சம் உருட்டி வைத்திருந்தாலே உப்பின் மங்கிய வெண்மை வந்திருக்கும். மணிகள் வெளிச்சத்தை அடித்துத் திருப்புவதால் பார்வை நேரே அவற்றிடம் போய்விடுகிறது. களப்பு பின்னுக்குத் தள்ளப்படுகிறது. மணிகளின் பாரத்தால் அந்த மூலை சற்றுத் தொய்ந்தும் இருந்தது. வெறும் கம்பளியில் தைக்காமல் பின்னால் ஒரு பருத்தித் துணியைக் கொடுத்துத் தைத்திருந்தால் பாரம் பரவியிருக்கும்.

அதைவிடப் பெரிய கேடு சட்டத்தில் இருந்தது. சாதாரணப் போட்டோவுக்குப் போடுவதுபோலக் கண்ணாடியைக் கம்பளிமேல் அழுத்தி, பின்னால் ஹார்ட்போட் வைத்து ஆணி அடித்திருந்தார்கள். பலகையைப் பிரித்தபோது ஆணிகளைச் சுற்றித் துருக்கறை, வெள்ளைப் பசை தடவிய இடத்தில் விறைத்த திட்டு, கீழ் ஓரத்தில் பூஞ்சணப் புள்ளிகள். முன்பக்கம் கண்ணாடிக்கு அடியில் கம்பளியின் மயிரெல்லாம் படுத்துப்போய், அச்சடித்த படம்போல் தட்டையாக இருந்தது. தொடத் தூண்டும் குணம் துளிகூட மிஞ்சவில்லை.

இந்தக் கரையில் அப்படி ஆகாமல் இருந்தால்தான் வியப்பு. பாலாவியில் உப்பளம், மேற்கே களப்பு, அதற்கப்பால் கற்பிட்டித் தீபகற்பமும் கடலும். உப்புத் துகள் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். கம்பளியோ தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் குடித்துவிட்டும் கைக்கு உலர்ந்ததுபோலவே தெரியும். அதைக் கண்ணாடியோடு ஒட்டி அடைத்தால் குடித்த ஈரம் வெளியேற வழியில்லை.

அப்படியானால் கண்ணாடியே வேண்டாமா? அமெரிக்கச் சிற்பி ராபர்ட் மோரிஸ் 1960களின் இறுதியில் தடித்த தொழிற்சாலைக் கம்பளியைக் கீறிச் சுவரில் அப்படியே தொங்கவிட்டார். புவியீர்ப்பு இழுக்கும் தொய்வையே படைப்பாக ஏற்றுக்கொண்டார். தடித்த, பெரிய படைப்புகளுக்கு அந்தத் திறந்த முறை எனக்கும் பிடிக்கும். மேல் ஓரத்தின் பின்னால் நீளத் துணிக்குழல் ஒன்றைத் தைத்து, மரச்சட்டத்தைச் செருகித் தொங்கவிட்டால் பாரம் ஒரே சீராக இறங்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இறக்கி, இரு பக்கமும் மென்மையாகத் தூரிகையால் தட்டி, நிழலில் காற்றாட வைத்தால் போதும். ஆனால் நுண்ணிய தையல் உள்ள சிறு படங்களுக்கு இது சரிவராது. தூசி நூலிடுக்கில் தங்கும், பல்லி எச்சம் படியும், அந்துப்பூச்சி முட்டையிடும். கம்பளியின் கெரட்டினைத் தின்பது அதன் புழு. அழுக்கும் வியர்வையும் பட்ட கம்பளி அதற்கு இன்னும் உகந்தது.

ஆகவே சிறு படத்துக்குக் கண்ணாடி வேண்டும் என்பதே என் முடிவு, கம்பளியைத் தொடாத கண்ணாடி. படத்தைப் பசையில்லாமல், பருத்தித் துணி போர்த்திய அமிலமற்ற அட்டையில் ஓரத்தைச் சுற்றி நூலால் பிடித்துத் தைக்க வேண்டும். கண்ணாடிக்கும் கம்பளிக்கும் நடுவே ஒரு விரல் அகலமாவது விடும்படி சட்டத்தின் உள்ளே மெல்லிய மரத்துண்டுகள் வைக்க வேண்டும். அந்த இடைவெளி விழுத்தும் நிழல் கம்பளியின் மேடு பள்ளத்தையும் எடுத்துக் காட்டும். சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் சீமெந்துச் சுவரின் ஈரம் ஏறாது. சட்டம் போடுமுன் படத்தைப் பொலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி, வீட்டு உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்த பின் பையைப் பிரிக்காமலே அறைச் சூட்டுக்கு வரவிட வேண்டும். முட்டையும் புழுவும் மடிந்துவிடும். அருங்காட்சியகங்கள் துணிப் படைப்புகளுக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் அனுமதிக்கின்றன. நம் கூடத்து யன்னல் வெயில் அதைப்போல் நூறு மடங்கையும் தாண்டும். எனவே யன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம், பக்கச்சுவர் நல்லது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். தில்லையடியில் குடியேறிய பல குடும்பங்கள் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு, வீட்டையும் பொருளையும் விட்டுவிட்டு வந்தவை. பழைய வீட்டுச் சுவர்களில் என்ன இருந்தது என்பதற்கு அநேகரிடம் ஒரு படம்கூட இல்லை. இன்று வெளிநாட்டில் வாழும் பிள்ளைகள் கையால் செய்து அனுப்பும் படம், அடுத்த தலைமுறை எடுத்து வைத்துக்கொள்ளும் முதல் குடும்பப் பொருளாகலாம். அதை ஐந்து வருடத்தில் பூஞ்சணத்துக்குக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

செய்பவர்களிடம் இன்னொன்றும் கேட்கிறேன். எப்படி மாட்டப்போகிறோம் என்பதைக் கம்பளியை நனைக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் வெறும் ஓரம் விட்டுச் சுருக்கினால் தைத்துப் பிடிக்க இடம் இருக்கும். அந்தக் களப்புப் படத்தில் அப்படி ஓரம் இல்லாததால்தான் சட்டம் போட்ட கடைக்காரர் பசையைத் தேடினார். பின்அட்டையில் செய்த ஆண்டு, கம்பளியின் வகை, சாயம், நூல், பசை பட்டிருந்தால் அதன் பெயர் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதி வையுங்கள். மை ஈரத்தில் ஊறும், பென்சில் ஊறாது.